கேட்டுவிட்டுப் போனவர்கள்

1964 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரண்டு நாடும் பிரித்துக்கொள்ள எழுதியது. அதில் மூன்று எண்கள் உண்டு. இந்தியா ஏற்க வேண்டியது 5,25,000 பேர். இலங்கை வைத்துக்கொள்ள வேண்டியது 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தை இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். பெரும்பாலும் மலையகம் என்கிற இலங்கை மலைநாட்டின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனவர்கள். அவர்களைக் கேட்காமலே எழுதிய ஒப்பந்தம் அது. மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானைக்கூடக் கலந்துகொள்ளவில்லை.

என் தாத்தா மலையகத்தில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அப்பத்தா கொழுந்து எடுத்தவர். இருவரும் அந்த 5,25,000-க்குள் வந்தார்கள். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் கேரளம். அந்த ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை ஒதுக்கிய எண்ணைக் கடைசிவரை எட்டவே இல்லை. விரும்பி வந்த கூட்டம் என்று நம்மைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான். 1984-ல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. கணக்கு முடியாமலே நின்றது.

நாங்கள் வந்து சேர்ந்த இடம் கொல்லம் மாவட்டத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் குளத்துப்புழை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி, தென்மலையில் தெற்கே திரும்பினால் வரும். சிலோனிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தவே மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-ல் ரீஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பெனியை உருவாக்கின. தலைமை அலுவலகம் புனலூரில். தோட்டங்கள் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும். சுமார் 700 குடும்பங்கள். ஆர்.பி.எல். என்றால் இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து கிள்ளிப் பழகிய கைகளில் ரப்பர் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். இதே மாதிரிக் குடும்பங்கள் கூடலூரில் தேயிலைக்கும், கர்நாடகத்தில் சுள்ளியாவுக்கும் போனார்கள். மலையாளிகளுக்கு நாங்கள் சிலோன்காரர்கள். சாமான் வாங்கச் செங்கோட்டைக்குப் போனால் அங்கேயும் அதே பெயர்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், இலங்கையில் மறுபடியும் புதிய அரசமைப்பைப் பற்றிய பேச்சு. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225-ல் 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாணம் மாவட்டத்தில்கூட அவர்கள்தான் முன்னால் வந்தார்கள், நுவரெலியாவிலும் அப்படியே. 2015-க்கும் 2019-க்கும் இடையில் பாதியில் நின்ற அரசமைப்பு வேலையைத் தொடர்வோம், மக்களோடு பேசி முடிப்போம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னவர்கள். எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பதுளை உறவுகளும் இருக்கிறார்கள். அங்கே இந்தப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். "இந்தத் தடவை வேற மாதிரி" என்று ஒரு தம்பி. "ஒங்க தாத்தாவுக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க" என்று அவன் பெரியம்மா.

குளத்துப்புழையில் உட்கார்ந்துகொண்டு இலங்கை அரசியல் பேச உனக்கென்ன உரிமை என்று கேட்டால், ஓட்டுரிமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு அரசுகள் நடத்திய ஒரு பேச்சுவார்த்தையின் விளைவாகத்தான் நான் இந்த ஊரில் பிறந்தேன். அந்த வகையில் எனக்கும் சொல்ல ஒன்று உண்டு.

நான் ஒரு அட்சயா சென்டரில், அதாவது கேரளத்தில் அரசுச் சேவைகளுக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் இடத்தில், வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பென்ஷன் மஸ்டரிங், இதுதான் நாள் முழுக்க. ஒரு விண்ணப்பம் போட்டால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பரை வைத்து அது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கலாம். தள்ளிவிட்டார்கள் என்றால் ஏன் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி அநியாயமாக இருக்கலாம், முட்டாள்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறலாம். ஒரு நாட்டின் காயத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பேசுவது கொஞ்சம் ஓவர் என்று தோன்றினால் தோன்றட்டும். இலங்கையின் ஆணைக்குழு வரலாற்றை இந்தத் தொழில் புத்தியோடு படித்தால் வேறு யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று கண்ணில் படுகிறது. நம்பரே இல்லாத விண்ணப்பங்கள் அவை.

அங்கே நடந்த பேச்சுகள் இரண்டு வகை. முதலில் தலைவர்கள் அறைக்குள் பேசிய வகையைச் சொல்லிவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1957 ஜூலையில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர்வது பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் ரத்து என்று அவர் எழுதியே கொடுத்தார். 1965-ல் பிரதமர் டட்லி சேனநாயக்கவோடு செல்வநாயகத்துக்கு இன்னொரு உடன்பாடு. மூன்று வருடம் இழுத்து, மாவட்ட சபை மசோதாவோடு அதுவும் போனது. 2000 ஆகஸ்டில் ஜனாதிபதி சந்திரிகா கொண்டுவந்த அரசமைப்பு மசோதாவின் பிரதிகளை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே எரித்தார்கள். 2023 பிப்ரவரியில், மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் 13-ஆவது அரசமைப்புத் திருத்தத்தை முழுதாக அமல்படுத்தப்போவதாக ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் பிக்குகள் அந்தத் திருத்தத்தின் நகலை எரித்தார்கள். அந்தத் திருத்தம் 1987 நவம்பரிலிருந்து சட்டமாக இருக்கிறது! முப்பத்தைந்து வருடமாக நடப்பில் இருக்கிற ஒரு சட்டத்தை எரித்து எதிர்ப்புக் காட்டுவது வேறு எந்த நாட்டில் நடக்கும் என்று தெரியவில்லை.

இந்த வகைப் பேச்சில் மலையகம் எங்கே இருந்தது என்று தேடினால் நேர்மையாக இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, 1949-ல் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணம், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள். இன்னொன்று, 1985-ல் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சில் தமிழ் அமைப்புகள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளில் கடைசியானது, இலங்கையைத் தாய்நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. இரண்டையும் மறக்கக் கூடாது. ஆனால் பேச்சு கடைசியில் போய் நின்ற இடம் மாகாண சபை. வடக்குக்கும் கிழக்குக்கும் அது ஒரு விடையின் தொடக்கமாவது. மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சிதறிக் கிடக்கிற தோட்டத்து மக்களுக்கு எல்லைக்கோடு போட்டுத் தருகிற அதிகாரத்தால் என்ன கிடைக்கும்? அவர்களுக்கு வேண்டியது காணி, வீடு, முகவரி, பிரதேச சபை போடும் ரோடு.

ரோடு என்றது சும்மா சொன்னதில்லை. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆவது பிரிவு ஒன்று இருந்தது. அதைக் காட்டித் தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களால் குடியுரிமை கிடைத்தது, ஓட்டுப் போடலாம், சபைக்கு உறுப்பினரைக்கூட அனுப்பலாம். அந்த உறுப்பினர் தன் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போகும் பாதையைச் சபைப் பணத்தில் கொத்திப் போட முடியாது. 2018-ல்தான் திருத்தினார்கள். போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து. கொழும்பில் அதிகாரப் பகிர்வைப் பற்றி எத்தனை மாநாடு நடந்திருக்கும் அதற்குள்.

இரண்டாவது வகை, மக்களிடம் போய்க் கேட்பது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பிறகு இலங்கையில் இதற்குக் குறைவே இல்லை. 2010-ல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. ஆயிரம் பேருக்கு மேல் நேரில் போய்ச் சொன்னார்கள், ஐயாயிரத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். 2013-ல் காணாமல் போனவர்களைப் பற்றிப் பரணகம ஆணைக்குழு. 20,000-க்கு மேல் முறைப்பாடுகள். 2015 டிசம்பரில் லால் விஜேநாயக்க தலைமையில் அரசமைப்புக்கு மக்கள் கருத்தறியும் குழு. இருபது பேர், மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். 2016-ல் மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி. அவர்களுக்கு வந்தவை 7,306 கருத்துரைகள்.

இவை எல்லாம் கண்துடைப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முத்தெட்டுவேகம செயலணியின் அறிக்கை தைரியமானது. போர்க் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தின் ஒவ்வொரு அமர்விலும் குறைந்தது ஒரு வெளிநாட்டு நீதிபதி இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்த குழு சொன்னது இது. 2017 ஜனவரியில் அறிக்கையை ஒப்படைத்த அன்று அதைக் கையில் வாங்க ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகாதான் வாங்கிக்கொண்டார். 2010 ஆணைக்குழுவைப் பார்த்தாலும் அப்படித்தான். ராணுவத்துக்குச் சாதகமானது என்று நிறையத் திட்டு வாங்கியது, அதில் நியாயமும் உண்டு. அதுவே தேசிய கீதத்தை இரண்டு மொழியிலும் பாடும் வழக்கம் தொடர வேண்டும் என்று எழுதி வைத்தது. 2016-ல் சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள். 2020-ல் நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினோம் என்று அந்த ஆணைக்குழு முன்னால் வந்து பேசிய யாருக்காவது யாராவது சொன்னார்களா?

என் குறை இங்கேதான் இருக்கிறது. அரசு ஏற்கவில்லை என்பது ஒரு விஷயம். எல்லா அரசும் எல்லாவற்றையும் ஏற்காது. ஏற்காததற்குக் காரணம் சொல்லும் கடமை அந்த ஆணைக்குழுக்களை அமைத்த எந்த உத்தரவிலும் பேசிய மக்களுக்கு நேராக வைக்கப்படவில்லை. அறிக்கை ஜனாதிபதிக்குப் போகும். கிளிநொச்சியில் மகன் படத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற அம்மாவுக்கு அதோடு தொடர்பு முடிந்தது. அடுத்த ஆணைக்குழு வரும், அதே அம்மா அதே படத்தோடு மறுபடி முதலிலிருந்து சொல்வார். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் தெருவில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் மற்ற மாவட்டங்களிலும். காணாமல் போனோர் அலுவலகம் 2018-ல் வேலையைத் தொடங்கியபோது அவர்களில் பலர் அதை நம்ப மறுத்ததற்குப் பிடிவாதம் காரணமில்லை. எத்தனை தடவைதான் ஒரே மனுவைக் கொடுப்பது?

எங்கள் ஊர்க் கிராம சபையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். நடப்பில் என்ன? பென்ஷன், வீடு, ஆட்டுக்குட்டி இப்படி ஏதாவது ஆனுகூல்யம் வேண்டியவர்கள்தான் வருவார்கள். பத்தில் ஒரு பங்கு ஆள் சேரவில்லை என்றால் குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார் போனில் கூப்பிட்டுக் கையெழுத்து நிரப்புவார்கள். பேச்சு முழுக்க மலையாளம். எங்கள் சிலோன் கிழவிகள் பின்வரிசையில் உட்கார்ந்து தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். சேட்டன் ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "எந்தா அம்மச்சி?" என்பார்.

ஆனால் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. கிராம சபை எடுத்த தீர்மானத்தை ஏதோ காரணத்தால் நிறைவேற்ற முடியாமல் போனால், பஞ்சாயத்துத் தலைவர் அதற்கான காரணத்தைக் கிராம சபையில் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தண்டனை எதுவும் கிடையாது. ஆனால் இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எங்கள் கிழவிகளில் ஒருத்தி எழுந்து, "போன தடவ பைப்பு போடறேன்னு எழுதினியே சாரே, எங்க?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறாள். மெம்பர் தலையைச் சொறிந்துகொண்டு பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஃபண்டு வரவில்லை என்றார். உண்மையோ பொய்யோ, மினிட்ஸில் ஏறியது.

இலங்கையின் புதிய அரசமைப்பு வேலையில் நான் எதிர்பார்ப்பது இந்தச் சின்ன விஷயத்தைத்தான். சமஷ்டியா, ஒற்றையாட்சியா, 'ஏக்கிய ராஜ்ய' என்ற சிங்களச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்றெல்லாம் 2017 இடைக்கால அறிக்கையை வைத்துக்கொண்டு சண்டை போட்டாயிற்று. அது இனியும் நடக்கும், நடக்கட்டும். அதற்கு முன்னால், 2016-ல் பேசியவர்களிடம் திரும்பிப் போய், நீங்கள் சொன்னதில் இதை எடுத்தோம், இதை எடுக்கவில்லை, காரணம் இது என்று ஊர் ஊராகச் சொல்லட்டும். அதில் கோபம் வரும், கூச்சல் வரும். பிக்குகளும் வருவார்கள். ஆனால் 1958-லும் 2000-லும் நடந்த மாதிரி ஒரு தாளைக் கிழித்தோ எரித்தோ கதையை முடிப்பது அப்போது அவ்வளவு சுலபமாக இருக்காது என்பது என் கணிப்பு. தலைவர் கையில் இருக்கும் தாளை எரிக்கலாம். காரணத்தோடு பத்தாயிரம் பேர் கைக்குப் போன பதிலை எப்படி எரிப்பது?

கேட்டு, காரணமும் சொன்ன ஒரு கமிஷனுக்கு இந்த எல்லைப் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. திருவிதாங்கூர்–கொச்சியின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் 1,52,250 மனுக்களும் ஆவணங்களும் வந்தன. அதில் எங்கள் பக்கத்து மனுக்களும் அடக்கம். 1955-ல் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை அந்தப் பக்கம் போகலாம்; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருக்கட்டும் என்றது. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியது. தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழர்களுக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், மூணாரில் ஒரு டீக்கடையில் ஆரம்பித்தால் முல்லைப்பெரியாறு வரை போகும். அவர்கள் இன்றும் அந்த அறிக்கையின் வரிகளை எடுத்து வைத்துத்தான் வாதாடுகிறார்கள். வாதாட ஒரு வரி இருக்கிறது.

இதனால் இந்தப் பக்கம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்கிறது. எழுதுகிறவர்கள் எத்தனை பேர், பதில் எந்த மொழியில் வருகிறது என்று சென்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகள் நர்ஸிங் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, 1950-க்கு முன்னால் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள் ஓர் அலுவலகத்தில். 1950-ல் குடும்பம் பதுளையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. அரசாங்கமே கப்பல் ஏற்றிக் கொண்டுவந்த குடும்பம் என்பதற்கான குடும்ப அட்டை நகல் பையில் இருந்தது. அதில் கேரளத்தின் பெயர் எங்கே இருக்கும்? தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா 2021-ல் சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தபோது எங்கள் லயங்களில் போனுக்குப் போன் அந்த வீடியோ பறந்தது. அவர் தனித்தொகுதியில் நிற்கத் தகுதி உள்ளவரா என்ற வழக்கில் 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி வெற்றியை உறுதி செய்தது. எல்லை தாண்டிய குடும்பங்களின் சாதியை எந்த மாநிலத்தின் பட்டியலில் தேடுவது என்ற கேள்வி ஒரு எம்.எல்.ஏ.வுக்கே இவ்வளவு தூரம் இழுத்தது.

யார் நமக்காகப் பேசுகிறார்கள் என்ற கேள்வியிலும் மூணார் ஒரு பாடம் நடத்தியது. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் போனஸுக்காக ரோட்டில் உட்கார்ந்தபோது எல்லாச் சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வர விடவில்லை. அதுவரை அவர்களுக்காக அறைக்குள் பேசியவர்கள் அந்தத் தலைவர்கள்தான். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அப்போது வந்தது. ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பிறகு அந்த அமைப்பு உடைந்தது, கட்சிகள் திரும்ப உள்ளே வந்தன, அது வேறு கதை. இலங்கை மலையகத்திலும் இந்தக் குரல் மெல்ல வருகிறது. 2023-ல் மலையகத் தமிழர் அங்கே போய் 200 வருடம் ஆனதை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முன்னோர் காடு மேடாகச் செத்துச் செத்து நடந்த வழி அது. 2024 தேர்தலில் மலையகப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அதே 2023-ல், நேபாளத்தில் உலகத் தமிழர் பேரவையும் பிக்குகள் சிலரும் கூடி எழுதிய இமாலயப் பிரகடனம் வந்தபோது, எங்களைக் கேட்டா எழுதினீர்கள் என்று வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கேட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த முயற்சி என்றே நினைக்கிறேன். கேள்வியும் நியாயமானது.

பேச்சு மட்டும் போதாது என்பதற்கு ஏமன் உதாரணம் உண்டு. 2013 மார்ச்சிலிருந்து 2014 ஜனவரிவரை 565 பிரதிநிதிகள் தலைநகர் சனாவில் கூடித் தேசிய உரையாடல் மாநாடு நடத்தினார்கள். பெண்கள், இளைஞர், தெற்கத்தியர் என்று ஒதுக்கீடெல்லாம் சரியாக இருந்தது. அந்த 2014 செப்டம்பரிலேயே ஹூத்தி கிளர்ச்சிக்காரர்கள் சனாவைப் பிடித்தார்கள், அடுத்த வருடம் குண்டு விழுந்தது. கேரளத்து நர்ஸுகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்ததும் அப்போதுதான். அதனால் நல்ல மேசை போட்டுப் பேசினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அங்கே துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு யாருக்கும் பதில் சொல்லும் அவசியம் வரவில்லை.

இலங்கையில் இப்போது துப்பாக்கி ஓய்ந்திருக்கிறது, ஆளும் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடமும் இருக்கிறது. சாக்குச் சொல்ல இடமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் சந்தேகத்தையும் மறைக்கவில்லை. ஆளும் தேசிய மக்கள் சக்திக் கூட்டணிக்கு முதுகெலும்பு ஜே.வி.பி. என்கிற மக்கள் விடுதலை முன்னணி. அந்தக் கட்சி ஆரம்பகாலத்தில் தன் ஆட்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. தோட்டத் தொழிலாளியை அந்தக் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தார்கள். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதத்தோடு எதிர்த்தவர்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பைப் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டது அவர்கள் பக்கம். 2006-ல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. கட்சிகள் மாறும், மாறியும் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஓட்டு விழுந்திருக்காது. கொழும்புக் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் 2022 மே 18-ஆம் தேதி சிங்கள இளைஞர்கள், போரில் செத்தவர்களின் நினைவாகக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் குடித்ததைப் பார்த்தவன் நான், போனில்தான். அப்படி ஒன்று நடக்கும் என்று அதற்கு முந்தின வருடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் மாகாண சபைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஊவாவுக்கு நடந்ததே கடைசி, இதை எழுதும்வரை. ஒவ்வொரு சபையாகக் காலம் முடிந்து, ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். எல்லை நிர்ணயம், சட்டச் சிக்கல் என்று ஆளுக்கொரு காரணம் பேட்டியில் சொல்கிறார்கள். சபை இல்லாத ஊரில் போய்ச் சொல்லவில்லை.

பதுளைப் பெரியம்மா 2016-ல் அந்தக் கருத்தறியும் குழுவிடம் மனுக் கொடுத்தவர். லயத்துக்குப் பதில் ஏழு பேர்ச் அளவு காணியில் தனி வீடு, அதற்குச் சொந்த உறுதிப் பத்திரம், வீட்டுக்கு நம்பர், தபால்காரன் தோட்டத்து ஆபீஸில் கடிதத்தைப் போடாமல் வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருந்தார். நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். புதிய குழு ஏதாவது வந்தால் கொடுக்க, தேதியை மட்டும் மாற்றி அதையே டைப் செய்து தரச் சொல்லித் தம்பி எனக்கு அனுப்பினான். மனு எழுதுவது என் தொழிலாயிற்றே. டைப் செய்துவிட்டேன். கூடவே மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'இதே கோரிக்கையை 2016-ல் கொடுத்திருந்தேன். அதற்கு என்ன முடிவு எடுத்தீர்கள், எடுக்கவில்லை என்றால் ஏன் என்று முதலில் எழுத்தில் தெரிவிக்கவும்.'

பெரியம்மாவுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. கொஞ்சம் திமிராக இருக்கிறதாம். தம்பிக்குப் பிடித்திருக்கிறது, சிங்களத்திலும் வேண்டும் என்கிறான். யாரைப் பிடித்து மொழிபெயர்ப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.